ரியாக்‌ஷன் லைட் வாங்கலாமா, நெட்ஸே போதுமா?

மேட்டிங்_அப்பா:
பையனுக்கு 13 வயசு. கிரிக்கெட் ஆடுறான். மேட்டிங்லருந்து (விரிப்பு போட்ட பிட்ச்) டர்ஃப் விக்கெட்டுக்கு (புல், மண் பிட்ச்) மாறி 4 மாசம் ஆச்சு. வேகப்பந்துன்னா மட்டை லேட்டாதான் இறங்குது. சுவத்துல மாட்டுற லைட் செட் ஒண்ணு வாங்கச் சொல்றார் கோச். எரிய எரிய கையால தட்டணுமாம். 8,000 ரூபாய். போன்ல இதே மாதிரி ஒரு கேம்ல பையன் ஸ்கோர் ஏறிக்கிட்டே போகுது, கிரவுண்ட்ல ஸ்டம்ப்தான் பறக்குது. மூளை வேகமானா மட்டையும் வேகமாகணும்தானே?

பழைய_ஓப்பனர்:
பணத்தைப் பத்திரமா வையுங்க சார். 140 கி.மீ. வேகப் பந்து மட்டைக்கு வர சுமார் அரை வினாடி. கண்ணு பார்த்து கை அசையவே 0.2 வினாடி போயிடும். அதுல டெஸ்ட் ஆடுறவனுக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. 1987ல பீட்டர் மெக்லியட்னு ஒரு உளவியல் ஆய்வாளர், விரிப்புக்கு அடியில மரக்குச்சிகளை வச்சு பந்து எப்படித் திரும்பும்னே தெரியாம பண்ணினார். கடைசி 0.2 வினாடியில திரும்பினா, சர்வதேச ஆட்டக்காரங்களாலயே மட்டையை மாத்த முடியல.

அப்போ அவங்க எதுல ஜெயிக்கிறாங்க? 2000ல மெக்லியட்டும், பார்வையை ஆராயிற மைக்கேல் லேண்டும் பேட்ஸ்மேன் தலையில கேமரா மாட்டிப் பார்த்தாங்க. பந்து கிளம்பினதைப் பார்த்ததும் கண்ணு அதை விட்டுட்டு, பிட்ச் ஆகப்போற (தரையில படப்போற) இடத்துக்கு முன்னாடியே தாவிப் போய்க் காத்திருக்கு! நல்ல ஆட்டக்காரருக்கு அந்தத் தாவல் சீக்கிரமே நடக்குது. ("பந்துலருந்து கண்ணை எடுக்காதே"ன்னு நான் வாங்கின குட்டெல்லாம் வீண்.) பவுலர் மாதிரி லைட்டுக்கு மணிக்கட்டும் கிடையாது, ரன்-அப்பும் கிடையாது. அதைப் பார்த்து உங்க பையன் எதைக் கணிப்பான்?

கீப்பர்_அக்கா:
பவுலிங் மெஷினுக்கும் அதே குறைதான், த்ரோடவுன் (ஆள் கையால எறியறது) கேளுங்க. இன்னொண்ணு, காசே வேண்டாம்: நெட்ஸ்ல பையனை வலைக்குப் பின்னாடி, பேட்ஸ்மேன் நேருக்கு நிக்க வச்சு, பந்து பிட்ச் ஆகறதுக்குள்ள "ஃபுல்" (பேட்ஸ்மேன் பக்கத்துல விழும்), "ஷார்ட்" (தள்ளி முன்னாடியே விழும்)னு கத்தச் சொல்லுங்க. நான் அப்படித்தான் பழகினேன். முதல் வாரம் அழுகை வரும்.

மேட்டிங்_அப்பா:
ஞாயித்துக்கிழமை பண்ணிப் பார்த்தோம். 20 பந்துல 11 சரி. தப்பு 9ல 8 தடவை ஷார்ட் பாலைத்தான் ஃபுல்னு கத்தினான். எல்லாத்துக்கும் முன்னங்காலைப் போட்டுட்டு அப்புறம் பின்னாடி ஓடுறதைத்தான் இத்தனை நாளா "லேட்"னு சொல்லிக்கிட்டிருந்தேன் போல. கோச்கிட்ட லைட் வேண்டாம்னு எப்படிச் சொல்றது, அதையும் யாராவது சொல்லுங்க.

பழைய_ஓப்பனர்:
போன மாசமே ஷூ வாங்கிட்டேன், கையில காசில்லன்னு சொல்லுங்க சார்.