பர்கண்டிக்குப் போய் வந்தவர்கள் சொல்லுங்கள்: அங்கே குடித்தது ஒயினா, நில வரலாறா?

தொடக்கப் பதிவு

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில், திஜோன் நகரத்திலிருந்து தெற்கே போன் நகரம் வரை ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்கு நீண்டு கிடக்கும் சரிவில்தான் உலகின் மிக விலை உயர்ந்த ஒயின்கள் பல விளைகின்றன. இதைக் கேள்விப்பட்டுப் போகிறவர்கள் மாளிகைகளையும் சீருடைப் பணியாளர்களையும் எதிர்பார்ப்பார்கள். அவர்கள் மேற்கே போர்தோ என்ற ஒயின் பகுதிக்குப் போக வேண்டியவர்கள். பர்கண்டியில் சேறு அப்பிய காலணியோடு டிராக்டரிலிருந்து இறங்கி வருகிறவரே உரிமையாளர். நிலவறையைத் திறப்பவரும் ஊற்றித் தருபவரும் அவரேதான். ஊற்றிய பிறகு அவர் ஒயினைப் பற்றிப் பேசுவார் என்று நினைக்க வேண்டாம். சுண்ணாம்புக்கல் எங்கே முடிகிறது, களிமண் எங்கே தொடங்குகிறது, பக்கத்து வரிசை ஏன் ஒரு படி தாழ்ந்தது, அந்த வரிசை எப்படி மைத்துனர் வீட்டுக்குப் போனது என்று அரை மணி நேரம் நிலத்தைப் பற்றியே பேசுவார். இடையில் நான் ‘இது என்ன திராட்சை’ என்று கேட்டேன். சிவப்பு என்றால் பினோ நுவார், வெள்ளை என்றால் ஷார்தொனே, இதிலெல்லாமா ஐயம் வரும் என்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டு மீண்டும் மைத்துனருக்கே போய்விட்டார். உங்களுக்கு நேர்ந்தவற்றையும் எழுதுங்கள்.

மறுமொழி 1

மைத்துனர் கதை தற்செயலானது அன்று. பர்கண்டியின் வரலாறே அதுதான். குளோ த வூஜோ என்ற தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தால் விளங்கிவிடும். இடைக்காலத்தில் சிஸ்டர்சியன் துறவிகள் மதிற்சுவர் எழுப்பி ஒரே தோட்டமாகப் பேணி வந்த ஏறத்தாழ 50 ஹெக்டேர் நிலம் அது. பிரெஞ்சுப் புரட்சியின்போது திருச்சபைச் சொத்துகள் பறிமுதலாகி விற்கப்பட்டன. அதற்குப் பிறகு, பிள்ளைகள் அனைவருக்கும் சம பங்கு என்ற நெப்போலியன் காலத்து வாரிசுச் சட்டம் தன் வேலையைக் காட்டியது. நம் ஊரில் பங்காளிகள் பட்டா பிரித்துக்கொள்வதைப் போலவே பிரித்துப் பிரித்து, இன்று அந்த ஒரே மதிலுக்குள் சுமார் 80 உரிமையாளர்கள் இருக்கிறார்கள். சிலருக்குச் சொந்தமானவை சில வரிசைக் கொடிகள் மட்டுமே.

வேடிக்கை என்னவென்றால், நீர் நன்றாக வடியும் மேல்பகுதியும், நெடுஞ்சாலையை ஒட்டி ஈரக் களிமண்ணாகக் கிடக்கும் கீழ்ப்பகுதியும் ஒரே உயர்தரப் பெயரில்தான் விற்கின்றன. மேல்பகுதிக்காரரிடம் கேட்டால் கீழ்ப்பகுதியைப் பற்றிப் பேசாமல் புன்னகைப்பார். கீழ்ப்பகுதிக்காரரோ, துறவிகள் மதில் கட்டியபோது மேல் கீழ் பார்த்தா கட்டினார்கள் என்று கேட்பார். நான் இருவர் வீட்டிலும் குடித்துவிட்டு இருவருக்கும் தலையாட்டினேன்.

மறுமொழி 2

ஊர்ப் பெயர்களை விட்டுவிட்டீர்களே. ஜெவ்ரே என்ற ஊர், தன் எல்லைக்குள் இருந்த ஷாம்பெர்த்தான் தோட்டத்தின் புகழைப் பார்த்து 1847-இல் அதன் பெயரைத் தன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. வழி தெரிந்த பிறகு மற்ற ஊர்கள் சும்மா இருக்குமா? மோன்ராஷே தோட்டம் புலினி, ஷாசான் என்ற இரண்டு ஊர்களின் எல்லையில் கிடப்பதால், 1879-இல் இரண்டு ஊர்களுமே அந்தப் பெயரைச் சேர்த்துக்கொண்டன. எனவே புட்டியின் மேல் பெரிய பெயர் இருக்கிறதே என்று மகிழ்ந்து வாங்குகிறவருக்குக் கிடைப்பது பல வேளைகளில் அந்தப் புகழ்பெற்ற தோட்டத்து ஒயின் அன்று, அதன் அக்கம்பக்கத்து ஒயின்தான்.

மறுமொழி 3

உலகின் மிக விலை உயர்ந்த ஒயின்களில் ஒன்று விளையும் ரொமானே-கோந்தி தோட்டத்தைப் பார்க்கப் போனவர்கள் எத்தனை பேர்? மொத்தமே 1.8 ஹெக்டேர் அளவுள்ள நிலம். தாழ்ந்த கல்சுவர், ஒரு கற்சிலுவை, தயவுசெய்து தோட்டத்துக்குள் இறங்காதீர்கள் என்று பணிவாகக் கேட்டுக்கொள்ளும் அறிவிப்பு, அவ்வளவுதான். நான் போனபோது ஒரு கூட்டம் மண்ணைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. சிறிய பாதைக்கு அப்பால் இருந்த கொடிகளும் அதே உயரம், அதே பச்சை; அவற்றை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் சிலுவையோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டுதான் வந்தேன்.

மறுமொழி 4

நிலவறைக்குள் நடப்பதை யாரும் சொல்லவில்லை என்பதால் நான் சொல்கிறேன். சுவரெங்கும் கரும்பூஞ்சை படர்ந்திருக்க, வெளியே கடும் கோடையானாலும் உள்ளே குளிர் எலும்பைத் தொடும். வீட்டுக்காரர் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பீப்பாய்க்குள் விட்டு, மேல்துளையை விரலால் அடைத்து ஒயினை எடுத்து, விரலைத் தளர்த்தி ஒவ்வொரு கோப்பையிலும் இரண்டு மிடறு விடுவார். முதலில் சிவப்பு, பிறகுதான் வெள்ளை. ஊர் உலகமெல்லாம் மாற்றிச் சொன்னாலும் இங்கே பலர் இந்த வரிசையைத்தான் வைத்திருக்கிறார்கள். வாயில் சுழற்றிய ஒயினைச் சரளைத் தரையில் துப்பிவிட வேண்டும். எங்களோடு வந்திருந்த, கல்யாண வீட்டு இலையில் உப்பைக்கூட மிச்சம் வைக்காத என் பெரியப்பாவால் அதை ஏற்கவே முடியவில்லை. அடுத்து வீட்டுக்காரர் செய்ததைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது: கோப்பைகளில் மிஞ்சியதையெல்லாம் அந்த மனிதர் சேர்த்து மீண்டும் பீப்பாய்க்குள்ளேயே ஊற்றிவிட்டார். அந்தப் பீப்பாயின் ஒயினை வாங்கப்போகிறவர் யாரோ என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, சிக்கனம் தெரிந்த குடும்பம் என்று பெரியப்பா சான்றிதழே கொடுத்துவிட்டார்.

மறுமொழி 5

குளோ த வூஜோவின் மதிலுக்குள் நிற்கும் மாளிகை இப்போது ஒயின் வீரர்கள் சங்கம் ஒன்றின் கையில் இருக்கிறது. 1934-இல் ஒயின் விற்காமல் நிலவறைகளில் தேங்கிக் கிடந்தபோது, வாங்க ஆளில்லாவிட்டால் நண்பர்களை அழைத்துச் சேர்ந்து குடித்துவிடுவோம் என்ற எண்ணத்தில் அதைத் தொடங்கினார்கள். இப்படியொரு விற்பனைத் திட்டத்தை எந்த வங்கியிடமும் காட்ட முடியாது, ஆனால் அது பலித்துவிட்டது. சிவப்பும் பொன்னிறமுமான அங்கி அணிந்த பெரியவர், திராட்சைக் கொடியின் கட்டையால் தோளில் தட்டிப் புதியவர்களை வீரர்களாக்குகிறார். விருந்தின் நடுவே அத்தனை பேரும் இரு கைகளையும் முகத்துக்கு நேரே உயர்த்தி, விளக்கு மாட்டுவதைப் போல மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி ‘லா லா’ என்று பாடுவார்கள். என் வலப்பக்கத்தில் இருந்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி என்று அறிமுகம் செய்துகொண்டிருந்தார். மிகுந்த கவனத்தோடு அவரும் மணிக்கட்டைத் திருப்பினார்.

தொடக்கப் பதிவரின் பதில்

பெரியப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நவம்பரில் போகத் திட்டமிடுகிறவர்களுக்கு ஒரு செய்தி: 1443-இல் ஏழை நோயாளிகளுக்காகக் நிறுவப்பட்ட போன் நகர மருத்துவமனைக்குச் சொந்தமான தோட்டங்களின் ஒயின்கள், 1859 முதல் நடந்துவரும் மரபின்படி, அம்மாதத்தின் மூன்றாம் ஞாயிறன்று பீப்பாய் பீப்பாயாக ஏலம் போகின்றன. ஏலத்துக்கு மறுநாள் மெர்சோ என்ற ஊரில் நடக்கும் மதிய விருந்துக்கு அவரவர் தத்தம் புட்டியைக் கையோடு கொண்டுவர வேண்டும். அந்த வார இறுதிக்கு அறை கிடைப்பது அரிது. முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். எந்த மாதமாக இருந்தாலும், நண்பகல் 12 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் எந்தத் தோட்டக்காரரின் கதவையும் தட்ட வேண்டாம். அவர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.