தெர்வார்: மெண்டோசா அத்தியாயத்துக்கு ஒரு சொல் வேணும் (வெள்ளிக்கிழமைக்குள்ள)

மீ. (மதுரை) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வணிகவியல் படிக்கிற பிள்ளைங்களுக்கு ஒரு வாசிப்பு நூல் தமிழாக்கிட்டு இருக்கேன், அதுல ஒரு அத்தியாயம் முழுக்க அர்ஜென்டினா வைன் தொழில், முக்கியமா அங்க வைனுக்குப் பேர் போன மெண்டோசா மாகாணத்துல, எப்படி மாறுச்சுங்கறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். மத்ததெல்லாம் எப்படியோ வந்துருச்சு, ஒண்ணே ஒண்ணு மட்டும் நகர மாட்டேங்குது, பிரெஞ்சுக்காரங்க தெர்வார்னு சொல்றது. ஒரு தோட்டத்தோட மண்ணு, உயரம், வெயில், குளிர், தண்ணி, அங்க விவசாயம் பண்ற வழக்கம் எல்லாம் சேந்து பழத்துல இறங்குற அந்த இடத்தோட குணம். ஸ்பானிஷ்ல தெருன்யோன்னு சொந்தமா ஒண்ணு இருக்கு, ஆனா மெண்டோசாக்காரங்க பிரெஞ்சுச் சொல்லையும் அப்படியே புழங்குறாங்க.

இது ஏன் இவ்வளவு முக்கியம்னா அத்தியாயமே இந்தச் சொல்லு மேலதான் நிக்குது. 1970 வாக்குல அர்ஜென்டினாவுல தலைக்கு வருசம் 90 லிட்டர் கிட்ட வைன் குடிச்சாங்க, விளைஞ்சதெல்லாம் உள்ளூர்லயே போயிரும், தரம் பத்தி யாரும் கேக்கல. அப்புறம் ஜனங்க குடிக்கிறது குறைஞ்சு விலை விழுந்து, 1980கள்ல மால்பெக்ங்கற கருப்புத் திராட்சைக் கொடிகளைப் பெரும்பகுதி வேரோட புடுங்கிட்டாங்க. அந்த நேரத்துலதான் நிக்கோலாஸ் கட்டேனா, மெண்டோசாவுல வைன் பண்ற குடும்பத்துக்காரர், பொருளாதாரத்துல முனைவர் பட்டம் வாங்கினவர், கலிபோர்னியாவுல பெர்க்லில கொஞ்ச காலம் இருந்தப்ப நாப்பா பள்ளத்தாக்கைப் பாத்துட்டு வந்து, நாமளும் உலகத் தரத்துக்குப் பண்ணலாம்னு இறங்குறார். 1992ல மெண்டோசாவுல குவால்தயாரிங்கற மேட்டுப் பகுதியில கிட்டத்தட்ட 1,450 மீட்டர் உயரத்துல திராட்சை நடுறார், அங்க பழுக்கவே பழுக்காதுன்னு அவர்கிட்ட சொன்னதையும் மீறி. அத்தியாயத்தோட முக்கியமான வாக்கியம் இது: லிட்டர் கணக்குல வித்தவங்க தெர்வாரை விக்க ஆரம்பிச்சாங்க. இந்த இடத்துல நான் மண்வாசனைன்னு போட்டிருந்தேன், படிச்சுப் பாத்தவங்க மழை பேஞ்ச வாசம்னு எடுத்துக்கிட்டாங்க, இல்லன்னா கிராமத்துக் கதைன்னு நினைச்சாங்க. உதவி பண்ணுங்க.

பெ. (கம்பம்) எழுதியது:

மீ. அக்கா, மண்வாகுன்னு போடுங்க. எங்க பக்கம் தோட்டக்காரங்க வாயில இருக்கிற சொல்லுதான், அந்த மண்ணு வாகு அப்படிம்பாங்க. ஒரே நாத்து, ஒரே உரம், வாய்க்காலுக்கு இந்தாண்ட ஒரு ருசி அந்தாண்ட ஒரு ருசின்னா அதுக்கு வேற பேரே கிடையாது. எங்க பன்னீர் திராட்சைக்கு 2023ல புவிசார் குறியீடு வந்தப்பகூட பெருசுங்க எல்லாம் வாகு வாகுன்னுதான் பேசுனாங்க. புதுசா எதுவும் உருவாக்க வேண்டாம், இருக்கிறதை எடுத்து வச்சா போதும்.

அப்புறம் ஒண்ணு, அந்த அத்தியாயத்துல பர்ரால்னு வந்தா அது பந்தல், யோசிக்காம பந்தல்னே எழுதுங்க. மெண்டோசாவுலயும் அதே முறைதான், தலைக்கு மேல கொடி படரும், நிறைய காய்க்கும். தரமான வைனுக்குப் போறப்ப நிறைய பேரு கம்பி கட்டி செங்குத்தா படரவிடுற முறைக்கு மாறுனாங்க.

செ. (கும்பகோணம்) எழுதியது:

அன்பு மகள் மீ. அவர்களுக்கு. தெர்வார் என்பதன் வேர் டெர்ரா என்னும் இலத்தீன் சொல், நிலம் என்பது பொருள். நம் தரையும் அந்த டெர்ராவும் ஒன்றே என்று நான் நெடுநாளாய்ச் சொல்லி வருகிறேன், கேட்பார்தான் இல்லை. தரு என்றால் கொடு, விளைவைத் தருவது தரை, தருவதின் அளவு தரம். தரையும் தரமும் ஒரே வேரில் நிற்பதைப் பாருங்கள், நீங்கள் தேடும் பொருள் முழுவதும் அதில் இருக்கிறது, நிலம் தருகிற தரம்.

ஆயினும் என் பரிந்துரை வேறு. நிலப்பொழுது. தொல்காப்பியம் முதற்பொருளைச் சொல்லும்போது "முதல் எனப்படுவது நிலம் பொழுது இரண்டின் இயல்பு" என்கிறது. நிலம் மட்டுமன்று, பொழுது மட்டுமன்று, இரண்டின் இயல்பு. பிரெஞ்சுக்காரர் ஒரு சொல்லில் அடைத்ததை நாம் ஒரு நூற்பாவில் வைத்திருக்கிறோம், அதைவிட்டு வாகு என்று எழுதுவானேன்?

வைன் என்பதையும் மாற்றலாம். தேறல் இருக்கிறது. "யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்" என்று புறநானூறு சொல்வது கடல் கடந்து வந்த மதுவைத்தானே. தேறு என்றால் தெளி, தெளிந்த மது தேறல்.

இ. (சென்னை) எழுதியது:

அய்யா மேல ரொம்ப மரியாதை உண்டு, ஆனா நான் வகுப்புல பாடம் எடுக்கிறவன், அர்ஜென்டினாவின் தேறல் தொழில்னு எழுதினா என் பசங்க தேறல்னா பாஸ் ஆகலன்னுதான் படிப்பாங்க. அந்தப் பக்கம் தாண்டவே மாட்டாங்க. நிலப்பொழுதும் அப்படித்தான், கேட்டா சாயங்கால நேரம் மாதிரி இருக்கு.

நான் சொல்றது, தெர்வார்னே வச்சுருங்க. இது வணிகப் பாடம். மெண்டோசாக்காரங்க அந்தச் சொல்லை எடுத்துக்கிட்டதே வணிக முடிவுதான், லண்டன்லயும் நியூயார்க்லயும் வாங்குறவனுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச சொல்லு அது. 1991ல இருந்து ஒரு பெசோ ஒரு டாலர்னு கட்டி வச்சிருந்தாங்க, 2002 ஜனவரில அது உடைஞ்சு பெசோ சரிஞ்சது, நாடே திண்டாடுச்சு, ஆனா ஏற்றுமதி பண்றவனுக்கு மட்டும் அவன் சரக்கு வெளிநாட்டுல மலிவாச்சு. மலிவா மட்டும் வித்திருந்தா அந்தக் கதை அங்கயே முடிஞ்சிருக்கும். இது இன்ன ஊரு, இன்ன உயரம், இன்ன கல்லு மண்ணுன்னு சொல்லி வித்ததாலதான் விலையை ஏத்த முடிஞ்சது. இங்க தெர்வார்ங்கறது விவசாயச் சொல்லுங்கறதைவிட விலைச் சொல்லு. அதை மண்வாகுன்னு மாத்தினா பசங்களுக்கு விவசாயம் புரியும், வியாபாரம் புரியாம போயிரும்.

மெண்டோசாவுல வைன் பண்ற சுக்கார்டி குடும்பத்தைப் பாருங்க. தாத்தா ஆல்பெர்த்தோ சிவில் இன்ஜினியர், பாசனத்துக்கு கான்கிரீட் குழாய் போட்டு விக்கறவர், அது எப்படி வேலை செய்யுதுன்னு காட்டறதுக்காகவே 1963ல ஒரு திராட்சைத் தோட்டம் போட்டார். பேரன் செபாஸ்தியான் இப்ப ஊகோ பள்ளத்தாக்குல கான்கிரீட் தொட்டியில வைன் பண்றார், ஓக் மரப் பீப்பாயோட வாசம் அந்த இடத்தோட குணத்தை மறைக்கக் கூடாதுன்னு. 2016ல அந்த மண்ணுல கிடைச்ச கல்லையே வச்சு ஒயினரி கட்டினாங்க. நான் வகுப்புல புத்தாக்கம்னு சொல்றதுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைச்சதில்ல.

ந. (யாழ்ப்பாணம்) எழுதியது:

வணக்கம். நான் நீர்ப்பாசனப் பக்கம் வேலை செய்தனான், அதால ஒண்டு சொல்லுறன். மண்வாகு எண்டு போட்டால் தண்ணி எங்க போறது? மெண்டோசாவில வருசத்துக்கு 200 மில்லிமீட்டர் அளவிலதான் மழை. அது பாலைநிலம். அந்தீஸ் மலையில உறையிற பனி உருகி வாற தண்ணி இல்லாட்டி அங்க ஒரு கொடியும் நிக்காது. ஸ்பானியர் வர முன்னமே உவார்ப்பே எண்ட பூர்வீகச் சனம் வாய்க்கால் வெட்டி வைச்சிருந்தவை. 1884இல மாகாணத் தண்ணீர்ச் சட்டம் வந்தது, தண்ணி உரிமை காணியோட ஒட்டினது, காணியை வித்தால் தண்ணியும் சேந்துதான் போகும். ஆகவே அந்த இடத்தின்ர குணம் எண்டு நீங்கள் சொல்லுறதில பாதி மனுசர் செய்தது. 1990களில சொட்டுநீர் வந்த பிறகுதான் சரிவான மேட்டு நிலத்தில நட ஏலுமாயிருந்தது, அதுக்கு முன்னம் காணியை மட்டம் தட்டித்தான் தண்ணி பாய்ச்சோணும். கட்டேனா மேல ஏறினார் எண்டு எழுதேக்க இதையும் சேத்து எழுதுங்கோ தங்கச்சி.

அதால நிலவாகு எண்டு வையுங்கோ. நிலம் எண்டால் மண், மேடு, தண்ணி, காலநிலை எல்லாம் அடங்கும். முல்லை நிலம் எண்டால் ஆரும் மண்ணை மட்டும் நினைக்கிறேல்லைத்தானே.

இன்னொண்டு, மெண்டோசாவில வாய்க்கால் மடை திறந்து முறைப்படி தண்ணி பங்கிடுற ஆளுக்கு தொமேரோ எண்டு பேர். அத்தியாயத்தில வந்தால் வட்ட விதானை எண்டு போடுங்கோ, எங்கட பக்கம் அதே வேலைதான்.

பெ. (கம்பம்) எழுதியது:

அண்ணே, வட்ட விதானைன்னா இங்க யாருக்கும் தெரியாது. நீர்க்கட்டிதான் சரி. குளத்து மடையைத் திறந்து யாருக்கு எப்ப முறைன்னு பாக்கறவர்.

ந. (யாழ்ப்பாணம்) எழுதியது:

நீர்க்கட்டி எண்டால் இஞ்ச வருத்தம், உடம்பில வாற கட்டி. நீங்கள் உங்கட பதிப்பில போடுங்கோ, ஆனா அடிக்குறிப்பில வட்ட விதானையும் வரட்டும். இரண்டு கரைப் பிள்ளையளும் படிக்கிறவை.

வ. (பெங்களூரு) எழுதியது:

தரை-டெர்ரா விசயத்தை அப்படியே விட்டுட்டுப் போக முடியல. டெர்ராவோட பழைய வேருக்குப் பொருள் காய்ஞ்சது, உலர்ந்தது. கடலுக்கு எதிர்ப்பதமா உலர்ந்த இடம்னு வந்த சொல்லு அது, கொடுக்கிறதுங்கற பொருள் அதுல கிடையாது. நம்ம தரைய அகராதிக்காரங்க தரான்னு வடமொழில இருந்து காட்டறாங்க, அங்க வேர்ப்பொருள் தாங்குவது. ரெண்டும் ஒலியில ஒத்துப்போகுது, அவ்வளவுதான். செ. அய்யா தரத்தையும் தருவையும் இதுல கோத்தது எனக்கு ஒப்புதல் இல்ல.

ஆனா நிலப்பொழுதை இவ்வளவு சீக்கிரம் தள்ளிடாதீங்க. கட்டேனா குடும்பம் 1995ல ஒரு ஆராய்ச்சி நிலையம் ஆரம்பிச்சாங்க, அதை ஆரம்பிச்சு வச்சது நிக்கோலாஸோட மகள் லாரா கட்டேனா, அவங்க மருத்துவர். 2021ல அந்த நிலையத்துல இருந்து ஒரு ஆய்வு வந்தது, மெண்டோசாவுல 23 சின்னச் சின்ன பாத்திகள்ல இருந்து மூணு வருசம் மால்பெக் எடுத்து ஒரே மாதிரி வைன் பண்ணி வேதியியல் சோதனை பண்ணாங்க. எந்தப் பாத்தி எந்த வருசம்ங்கறதைப் பெருமளவு பிரிச்சுச் சொல்ல முடிஞ்சது. ரொம்பப் பக்கத்துல இருந்த பாத்திகள்கூட வேற வேற அடையாளம் காட்டுச்சு. அப்ப தெர்வார்ங்கறது வெறும் விளம்பரம் இல்ல, அளக்கக்கூடிய ஒண்ணு, அதுக்கு ஒரு துல்லியமான சொல்லு வேணும்.

இ. (சென்னை) எழுதியது:

அதே ஆய்வுதான் என் பக்கம் பேசுது. அவங்க தெர்வார் தனி, விளைச்சல் ஆண்டு தனின்னு ரெண்டா வச்சுல்ல பிரிக்கிறாங்க? நிலப்பொழுதுன்னு சொன்னா பொழுது உள்ள வந்துருது, அப்புறம் 2016 விளைச்சல், 2017 விளைச்சல்னு எழுதறப்ப எது எதுல அடங்கும்? மாணவன் குழம்புவான்.

செ. (கும்பகோணம்) எழுதியது:

தம்பி இ., பொழுது வேறு, ஆண்டு வேறு. கார், கூதிர், முன்பனி, பின்பனி என்று ஆண்டுதோறும் மாறாமல் வருவது பெரும்பொழுது. குவால்தயாரியில் பகலில் உயரத்து வெயில் சுடுகிறது, இரவில் குளிர்கிறது, கோடையில் ஆலங்கட்டி வருகிறது, அதற்காகக் கொடிகளுக்கு மேல் வலை கட்டுகிறார்கள், சோண்டா என்னும் வறண்ட காற்று மலையிலிருந்து இறங்குகிறது. இவை அந்த நிலத்துக்கு உரிய பொழுது. 2017இல் என்ன மழை பெய்தது என்பது விளைச்சல் ஆண்டு. அகத்திணை படித்த பிள்ளைக்கு இதில் குழப்பம் வராது.

இன்னும் ஒன்று. மால்பெக் பிரான்சில் பிறந்த கொடி. 1853இல், பின்னாளில் அர்ஜென்டினாவின் அதிபரான சர்மியெந்தோவின் முயற்சியால் புசே என்னும் பிரெஞ்சு வேளாண் அறிஞர் மெண்டோசாவுக்குக் கொண்டுவந்தார், அந்த ஆண்டு ஏப்ரல் 17ஐ நினைத்துத்தான் இன்று மால்பெக் நாள் கொண்டாடுகிறார்கள். பிறந்த நாட்டில் பின்னுக்குப் போன கொடி வந்த நாட்டில் பேர் வாங்கியது. முதற்பொருள் மாறியதும் கருப்பொருளின் குணம் மாறியது என்று நான் படிக்கிறேன். தரையைப் பற்றி வ. சொன்னதை நான் ஏற்கவில்லை, அதைத் தனி மடலில் எழுதுவேன்.

பெ. (கம்பம்) எழுதியது:

அய்யா சொல்றது கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா தோட்டத்துல நிக்கிறவன் கிட்ட போய் உன் நிலப்பொழுது எப்படின்னு கேட்டா அவன் என்ன சொல்லுவான்? வாகு எப்படின்னு கேட்டா அரை மணி நேரம் பேசுவான். தண்ணி பத்தி ந. அண்ணன் சொன்னதும் சரிதான், ஆனா எங்க ஊர்ல மண்ணு வாகுன்னா தண்ணி தேங்குமா இறங்குமாங்கறதும் அதுலயே வந்துரும். மெண்டோசாவுலயும் தோட்டத்துல ஆளு உசரத்துக்குக் குழி வெட்டி, சுண்ணாம்பு எவ்வளவு, கூழாங்கல்லு எங்க ஆரம்பிக்குதுன்னு இறங்கிப் பாக்குறாங்களாமே, அது மண்ணைப் பாக்கறதுதானே.

மீ. (மதுரை) எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மூணையும் உண்மையான வாக்கியத்துல வச்சு எழுதிப் பாத்தேன்.

லிட்டர் கணக்கில் விற்றவர்கள் நிலப்பொழுதை விற்கத் தொடங்கினார்கள். மனை வியாபாரம் மாதிரி ஆயிருது, செ. அய்யா மன்னிக்கணும்.

லிட்டர் கணக்கில் விற்றவர்கள் தெர்வாரை விற்கத் தொடங்கினார்கள். இது சரியா இருக்கு, ஆனா தெரியாத பிள்ளைக்கு ஒண்ணுமே சொல்லல, தேர்வாரைன்னும் படிச்சுருவாங்க.

லிட்டர் கணக்கில் விற்றவர்கள் தங்கள் மண்வாகைச் சொல்லி விற்கத் தொடங்கினார்கள். இதுல வினை மாறுது, வாகை விக்க முடியாது, சொல்லித்தான் விக்க முடியும், அது இ. சொன்ன வியாபாரத்தையும் உள்ள கொண்டு வந்துருது. அதனால இதையே எடுத்துக்கறேன். முதல் தடவை வர்ற இடத்துல பிரெஞ்சுல தெர்வார் என்பார்கள்னு ஒரு வரி சேக்கறேன். தண்ணிச் சட்டம், சொட்டுநீர் ரெண்டும் ஒரு பத்தியா உள்ள வருது. தொமேரோவுக்கு நீர்க்கட்டி, அடிக்குறிப்புல வட்ட விதானை. தேறல் இந்தத் தடவை வேண்டாம், வைனே இருக்கட்டும்.

இ. (சென்னை) எழுதியது:

சொல்லி விக்கறதுன்னு வந்ததால எனக்கு சம்மதம். தலைப்புல மட்டும் தெர்வார் வரட்டும், பசங்க இணையத்துல தேடினா கிடைக்கணும்ல.

வ. (பெங்களூரு) எழுதியது:

எனக்கும் சரி. பிடிச்சதுன்னு சொல்ல மாட்டேன், நேரம் இல்லாததால சரி.

செ. (கும்பகோணம்) எழுதியது:

பெரும்பான்மை அப்படியென்றால் அப்படியே ஆகட்டும். என் கருத்து மாறவில்லை. காற்றும் குளிரும் வெயிலும் மண்ணுக்குள் அடங்காது. அடுத்த பதிப்பு வரும்போது இதே கேள்வியை மீண்டும் வைப்பேன், மகள் மீ. அப்போது நூற்பாவையாவது அடிக்குறிப்பில் தர வேண்டும்.

ந. (யாழ்ப்பாணம்) எழுதியது:

மண்வாகு அச்சுக்குப் போகட்டும், தங்கச்சிக்கு நாள் இல்லை. ஆனா எங்கட நீர்ப்பாசனக் கையேட்டில நான் நிலவாகு எண்டுதான் எழுதப்போறன், பிறகு ஆரும் வந்து பொதுச் சொல்லு மீறியாச்சு எண்டு சொல்லக் கூடாது. அடிக்குறிப்பில வட்ட விதானை வாறதை மட்டும் மறக்காதேங்கோ.