கிரிஸ்டல் அசைய மாட்டேன் என்கிறது, எல்.சி. நிற்க மாட்டேன் என்கிறது

கல்லூரி ப்ராஜெக்ட்டுக்காக 91 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வைட்பேண்ட் எஃப்.எம். சர்க்யூட் செய்கிறேன் (ஆன்டெனா கிடையாது, 50 ஓம் டம்மி லோடுதான்). காயிலும் கெபாசிட்டரும் (எல்.சி.) வைத்த கோல்பிட்ஸ் ஆசிலேட்டரில் வேரக்டர் (மின்னழுத்தத்துக்கு ஏற்பக் கெபாசிட்டன்ஸ் மாறும் டயோடு) போட்டதும் 75 கிலோஹெர்ட்ஸ் டீவியேஷன் (ஆடியோவால் அதிர்வெண் விலகும் அளவு) சுலபமாக வந்துவிட்டது, ஆனால் காயில் பக்கம் கையைக் கொண்டுபோனாலே அதிர்வெண் எங்கேயோ ஓடிவிடுகிறது. பாடப் புத்தகத்தில் இருக்கும் ஆம்ஸ்ட்ராங் முறையில் அதிர்வெண் அசையாத கிரிஸ்டலை வைத்து, அதிர்வெண்ணை 64 மடங்கு பெருக்கி, நடுவில் மிக்சர் போட்டு, மறுபடி 48 மடங்கு பெருக்குகிறார்கள். ஒரேயடியாகப் பெருக்கினால் என்ன?

---

கணக்குப் போட்டுப் பாருங்கள் தம்பி. 200 கிலோஹெர்ட்ஸ் கேரியரில் (ஆடியோவைச் சுமக்கும் அலை) சிதைவு அதிகமில்லாமல் கிடைக்கும் டீவியேஷன் வெறும் 24.4 ஹெர்ட்ஸ்தான். அதை 75 கிலோஹெர்ட்ஸ் ஆக்க 3072 மடங்கு வேண்டும், ஆனால் கேரியரும் கூடவே பெருகி 614.4 மெகாஹெர்ட்ஸில் போய் நிற்கும். மிக்சர் கேரியரை மட்டும்தான் இறக்கும், டீவியேஷனைத் தொடாது. 64 மடங்கில் வரும் 12.8-ஐ 10.9 மெகாஹெர்ட்ஸோடு கலந்தால் 1.9, அதை 48-ஆல் பெருக்கினால் 91.2. அப்புறம், ஆடியோவை இன்டெக்ரேட்டர் வழியாகக் கொடுக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் வருவது ஃபேஸ் மாடுலேஷன்.

---

அண்ணன் சொன்ன கணக்கு சரி, ஆனால் செய்து பார்க்காதே! 64-க்கு ஆறு டபுளர், அப்புறம் 48-க்கு நாலு டபுளர், ஒரு டிரிப்ளர், ஆக பதினொரு ட்யூன்டு ஸ்டேஜ். 1930-களில் வேறு வழியில்லை, செய்தார்கள். உன் ஆசிலேட்டரையே பி.எல்.எல்.லில் (ஃபேஸ் லாக்டு லூப்) கட்டிப்போடு: அவுட்புட்டை வகுத்துக் கிரிஸ்டலோடு ஒப்பிட்டால் டிரிஃப்ட் போய்விடும். மாடுலேஷனுக்குத் தனியாக இன்னொரு வேரக்டர், சின்ன கப்ளிங் கெபாசிட்டரோடு. கையால் வரும் தொல்லைக்கு ஒரு தகர டப்பா ஷீல்டு போதும்.

---

பி.எல்.எல். ஏற்கெனவே போட்டுப் பார்த்தேன் அண்ணா. பாட்டில் பேஸ் சுத்தமாகக் காணோம், மிருதங்கம் தகரம் மாதிரி கேட்கிறது. லூப் பேண்ட்விட்த் 1 கிலோஹெர்ட்ஸ் வைத்திருந்தேன்.

---

அங்கேதான் தப்பு. 1 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே வரும் ஆடியோவையும் லூப் டிரிஃப்ட் என்று நினைத்துத் திருத்திவிடுகிறது. 5 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறக்கு. லாக் ஆக நேரம் பிடிக்கும், பயப்படாதே. அது பொறுக்கவில்லை என்றால் தொடக்கத்தில் மட்டும் லூப்பை வேகமாக ஓட்டி, லாக் ஆனதும் ஃபில்டரை மெதுவானதுக்கு மாற்று, ஒரு அனலாக் ஸ்விட்ச் போதும்.

---

ஃபில்டர் கெபாசிட்டரை மாற்றிவிட்டேன், மிருதங்கம் திரும்பி வந்துவிட்டது. லாக் ஆகத்தான் மூணு நாலு வினாடி ஆகிறது, ப்ராஜெக்ட்டுக்கு அது போதும்.