ஏன் அடித்துக்கொள்கிறான்? இவாட்டாவின் கேள்வி எங்கள் பக்கம் வந்த கதை

பாலக்கோடு, சிறப்பாசிரியை:
தன்னைத்தானே அடித்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பற்றிப் பேசினால், நடத்தைப் பகுப்பாய்வில் (ஒருவர் ஏன் அப்படி நடந்துகொள்கிறார் என்று ஆராயும் துறை) பெரிய பெயர் பிரையன் இவாட்டா. 2023-ல் காலமானார். அவரை நேரில் பார்த்ததில்லை, அவருடைய வழிமுறையோடுதான் எனக்குப் பழக்கம்.

பென்னாகரம் பக்கம் ஒரு பையன், எட்டு வயது. சிலேட்டை எடுத்தாலே கன்னத்தில் பளார் பளாரென்று அடித்துக்கொள்வான். பாட்டி ஓடி வருவார். "விடு டீச்சர், பாவம் புள்ள" என்று சிலேட்டை வாங்கி ஓரமாக வைப்பார். அடியும் உடனே நின்றுவிடும். காத்து கருப்பு என்று கையில் மந்திரித்த கயிறு வேறு.

எப்படி நிறுத்துவது என்பதற்கு முன்னால், அடித்துக்கொள்வதால் அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்கச் சொன்னவர் இவாட்டா. 1982-ல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வில், இப்படித் தங்களையே காயப்படுத்திக்கொள்ளும் 9 பேர். அவர்களை நான்கு சூழல்களில் வைத்துப் பார்த்தார்கள். பாடம் கொடுத்து, அடித்துக்கொண்டால் பாடத்தை நிறுத்தினார்கள், அடித்துக்கொண்டால் மட்டும் பக்கத்தில் வந்து அக்கறையாகப் பேசினார்கள், தனியாக விட்டார்கள், சும்மா விளையாட விட்டார்கள். ஒவ்வொன்றும் 15 நிமிடம். 6 பேருக்கு ஏதோ ஒரு சூழலில் மட்டும் அடி கூடியது. பிறகு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1994-ல், 152 பேரின் முடிவுகளைத் தொகுத்தார். சுமார் 38 சதவீதம் பேர் பாடம், வேலை போன்ற பிடிக்காதவற்றிலிருந்து தப்பிக்கத்தான் அடித்துக்கொண்டார்கள். நம்ம பையனும் அந்தக் கணக்குதான்.

அடிப்பதற்கு முன்பே 'போதும்' அட்டையைக் காட்டப் பழக்கினோம். அடிப்பதற்குப் பதிலாக வேறு வழியில் கேட்கப் பழக்கும் இந்த உத்தியைப் பற்றி கார், டியூராண்ட் என்ற ஆய்வாளர்கள் 1985-ல் எழுதினார்கள். அட்டையைக் காட்டினால் சிலேட்டை உடனே எடுத்துவிடுவேன். அவனைவிடப் பாட்டியைப் பழக்கத்தான் அதிக நாள் ஆனது.

ஊத்தங்கரை, ஒரு அம்மா:
எங்கள் பாப்பா காதோரமே அடித்துக்கொண்டாள். பிடிவாதம் என்றார்கள் எல்லோரும். காது டாக்டரிடம் காட்டினால் உள்ளே சீழ். மருந்து விட்டதும் அடிப்பது நின்றது. முதலில் வலி இருக்கிறதா என்று பாருங்கள், டீச்சர் சொல்வதெல்லாம் அப்புறம்.

ஓசூர், ஒரு அப்பா:
இவாட்டா செய்த அந்தச் சோதனையை நாங்களே வீட்டில் செய்து பார்க்கலாமா மேடம்?

பாலக்கோடு, சிறப்பாசிரியை:
வேண்டாம் சார். அந்த ஆய்விலேயே, காயம் எந்த அளவுக்குப் போனால் நிறுத்த வேண்டும் என்று மருத்துவர்கள் முன்கூட்டியே வரையறுத்திருந்தார்கள். அக்கா சொன்னதுபோல முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். கூடவே ஒரு நோட்டில், அடிப்பதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அடித்ததும் நீங்கள் என்ன செய்தீர்கள், இந்த இரண்டை மட்டும் எழுதி வாருங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் பயிற்சி பெற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று சொல்வார்கள். போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள்.