அவுஷ்விட்ஸ் காதலர்கள் பற்றித் தமிழில் ஏதாவது இருக்கிறதா?

குழு நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் வாசிப்பு வட்டத்தில் அடுத்த மாதம் டேவிட் விஸ்னியா, ஹெலன் ஸ்பிட்சர் (எல்லாரும் ஸிப்பி என்பார்கள்) பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். இருவரும் இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகளின் அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் இருந்த யூதக் கைதிகள். பாட்டுப் பாடத் தெரிந்ததால் டேவிடுக்கு, இறந்தவர்களின் உடல்களைச் சுமக்கும் வேலையிலிருந்து விடுதலை கிடைத்தது. துணிகளில் கிருமி நீக்கும் கட்டடத்துக்கு மாற்றினார்கள். ஸிப்பி ஓவியர். பெண் கைதிகளின் உடை முதுகில் சிவப்புக் கோடு தீட்டுவதில் தொடங்கி, முகாம் அலுவலக வேலை வரை போனவர். கைதிகளின் துணி மூட்டைகளுக்கு நடுவே, வேறு கைதிகள் காவல் நிற்க, இருவரும் சந்தித்துக்கொண்டார்கள். போர் முடிந்ததும் வார்சாவில் சந்திப்பதாகப் பேச்சு. டேவிட் அமெரிக்கப் படையோடு சேர்ந்துவிட்டார், வார்சா போகவே இல்லை.

2016இல் நியூயார்க்கில் மறுபடி பார்த்தபோது, 'நான் பிழைத்ததில் உனக்குப் பங்கு உண்டா?' என்று டேவிட் கேட்டிருக்கிறார். ஸிப்பி ஐந்து விரல்களை விரித்துக் காட்டினாராம். ஐந்து முறை காப்பாற்றினேன் என்று அர்த்தம்!

என் சிக்கல் இதுதான்: சினிமாக் காதல் கதை மாதிரி ஆகிவிடக் கூடாது. பிழைத்ததற்குக் காதல் மட்டுமா காரணம்? பாட்டு, ஓவியம், வேலை, அதிர்ஷ்டம் எல்லாம்தானே. அதனால் முகாம்களில் பெண்களின் அன்றாட வாழ்க்கை பற்றித் தமிழில் கட்டுரையோ மொழிபெயர்ப்போ தெரிந்தால் சொல்லுங்கள். அப்புறம், அவுஷ்விட்ஸ் நினைவகத்துக்குப் போய்வந்தவர்கள் யாராவது இருந்தால், அந்த முகாமின் ஒரு பகுதியான பிர்கெனாவில் அந்தக் கிருமி நீக்கும் கட்டடமும் எரியூட்டும் கூடங்களும் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்று கொஞ்சம் விவரியுங்களேன். படம் இருந்தால் இன்னும் நல்லது.