பாதுகாப்பு அலுவலர் பணிக்கு எதைப் படிப்பது: எம்.இ. பட்டமா, ஓராண்டுப் பட்டயமா, நெபோஷ் சான்றிதழா?

கேள்வி:
வணக்கம். இயந்திரவியலில் பி.இ. முடித்துவிட்டு, ராணிப்பேட்டையில் ஒரு தோல் பதனிடும் ஆலையில் நான்கு ஆண்டுகளாக ஷிஃப்ட் மேற்பார்வையாளராகப் பணிபுரிகிறேன். பாதுகாப்பு அலுவலர் ஆக விரும்புகிறேன். வேலையை விட்டுவிட்டு இரண்டாண்டு எம்.இ. தொழிலகப் பாதுகாப்புப் பொறியியல் படிப்பதா, சென்னை தரமணியிலுள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தின் ஓராண்டுப் பட்டயத்தில் சேர்வதா, பிரிட்டனின் நெபோஷ் (NEBOSH) பாதுகாப்புச் சான்றிதழ் மட்டுமே போதுமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1:
எங்கே வேலை பார்க்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வளைகுடா நிறுவனங்கள் நெபோஷ் கேட்கும். இங்கே, பாதுகாப்பு அலுவலராக நியமிக்கப்பட வேண்டுமானால், பொறியியல் பட்டத்துடனும் ஆலை அனுபவத்துடனும் மாநில அரசு அங்கீகரித்த பாதுகாப்புப் பட்டமோ பட்டயமோ தேவை. அந்த இடத்தை நெபோஷ் நிரப்பாது. பாதுகாப்பு அலுவலரைக் கட்டாயம் நியமிக்க, பழைய 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 40-பி பிரிவில் பொதுவான வரம்பு 1,000 தொழிலாளராக இருந்தது. தொழிற்பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய 2020 தொகுப்புச் சட்டம் அதை 500 என்றும், அபாயகரமான செயல்முறை நடக்கும் ஆலைகளுக்கு 250 என்றும் வகுத்திருக்கிறது. ஆகவே வேலைவாய்ப்பு கூடும்.

பதில் 2:
சட்டத் தகுதி ஒரு பக்கம் இருக்கட்டும். கல்லூரியில் சேருமுன், வாயு அளக்கும் கருவியை மாணவர் கையில் கொடுத்துப் பழக்குகிறார்களா என்று விசாரியுங்கள். முடி நீக்கப் பயன்படும் சோடியம் சல்பைடு கலந்த கழிவுநீர் அமிலத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும் என்பது உங்கள் ஆலையில் அன்றாடம் உள்ள ஆபத்து. அது காற்றைவிடக் கனமானதால் தொட்டியின் அடியில் தங்கும். அடர்த்தி மிகுந்தால் அழுகிய முட்டை நாற்றமும் மூக்குக்குத் தெரியாமல் போய்விடும். எனவே மேல், நடு, அடி என்று மூன்று மட்டங்களிலும் அளந்து, ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் குறையவில்லை என்பதையும் உறுதிசெய்த பிறகுதான், தொட்டிக்குள் இறங்குவதற்கான அனுமதிச் சீட்டில் கையெழுத்திட வேண்டும். மயங்கி விழுந்தவரைத் தூக்கப் பாதுகாப்பின்றி இறங்கியவர்களும் சேர்ந்து இறக்கும் கொடுமை இன்னும் தொடர்கிறது. இதைத் தேர்வுத்தாளில் மட்டும் எழுதித் தேறிய ஒருவரிடம் அந்தச் சீட்டை ஒப்படைப்பது எனக்கு ஏற்புடையதன்று.

பதில் 3:
மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். தொழிலாளரில் பெரும்பாலோர் பேசும் மொழியில் போதிய அறிவு வேண்டும் என்று விதிகளே கூறுகின்றன. வடமாநிலத் தொழிலாளர் நிறைந்த இன்றைய ஆலைகளில் ஓரளவு இந்தியும் கற்றுக்கொள்வது நல்லது. ஆய்விலும் கற்பித்தலிலும் நாட்டமிருந்தால், சிவகாசி மெப்கோ, திருச்சி என்.ஐ.டி. போன்ற இடங்களில் எம்.இ. அல்லது எம்.டெக். படிக்கலாம். ஆலைத் தளத்திலேயே தொடர்வதுதான் நோக்கமென்றால், உங்கள் நான்காண்டு அனுபவத்துக்குத் தரமணிப் பட்டயமே போதும். நெபோஷைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.