சேர்ந்து பாடச் சொன்னால் பிள்ளைகள் கத்துகிறார்கள், என்ன செய்யலாம்?

கேள்வி:
வணக்கம். கிராமத்து அரசுத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். மொத்தம் 38 பிள்ளைகள். காலை வழிபாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்தை ஒலிபெருக்கியில் போடாமல் அவர்களே பாட வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. 2021இல் மாநிலப் பாடலாக அறிவித்தபோது மோகன ராகத்தில், 55 விநாடியில் பாடச் சொன்னார்கள். எங்கள் பிள்ளைகள் 40 விநாடியில் முடித்துவிடுகிறார்கள். 'தெக்கணமும்' வந்ததும் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறார்கள். நான் பாட்டு படித்தவன் இல்லை.

பதில் 1:
தம்பி, நீங்களா எடுத்துக் கொடுக்கிறீர்கள்? ஆண் குரல் பிள்ளைகள் குரலைவிட ஒரு ஸ்தாயி (கீழ் 'ஸ'வுக்கும் மேல் 'ஸ'வுக்கும் உள்ள இடைவெளி) கீழே இருக்கும். சின்னப் பிள்ளைகள் அதைப் பிடிக்க முடியாமல் திணறுவார்கள். ஐந்தாம் வகுப்பில் குரல் நிலையாக நிற்கும் ஒரு பெண்ணைத் தொடங்கச் சொல்லுங்கள். அப்புறம், அந்தப் பாட்டு திஸ்ர நடை, அதாவது மூன்று மூன்றாக எண்ணுவது. தொடையில் ஒரு தட்டு, இரண்டு விரல் எண்ணிக்கை என்று பழக்கினால் வேகம் தானாக அடங்கும். முப்பது வருடம் இசை ஆசிரியையாக இருந்து சொல்கிறேன்.

பதில் 2:
'கத்தாதே' என்று மட்டும் சொல்லாதீர்கள், வாயையே மூடிவிடுவார்கள். அரைவட்டமாக நிறுத்தி, 'பக்கத்தில் நிற்பவன் குரல் கேட்கிறதா?' என்று கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அம்மா, நன்றி சார். இன்று வேப்பமரத்தடியில் அரைவட்டமாக நிறுத்தினேன். 49 விநாடி வந்தது. இதுவரை உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்த இரண்டாம் வகுப்புப் பையன், தொடையில் தட்டிக்கொண்டே கடைசி வரி வரை பாடினான்.